ஜின் என்று முடிவு கட்டுமுன்: மனச்சிதைவு நோயின் அறிகுறிகளை அறிந்துகொள்வோம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட மருத்துவ விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ இம்மேடையில் பேசினால், கேட்பவர்கள் கூச்சமின்றி எழுந்து ஐயம் கேட்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் நோயைப் பற்றி எவரும் எழுந்து கேட்பதில்லை. கூட்டம் முடிந்து, வாசலில் செருப்பு அணியும் வேளையில் அருகே வந்து, "தெரிந்த ஒருவருடைய பையனுக்கு..." என்று தணிந்த குரலில் தொடங்குவார்கள். பெரும்பாலும் அது அவர்களுடைய பிள்ளையாகவே இருக்கும். அவர்களுக்காகவே இவ்வுரை.

ஓர் இளைஞரின் நிலைமையை முதலில் சொல்கிறோம். எவரும் அடையாளம் காணாதவாறு விவரங்களை மாற்றியே சொல்கிறோம். கல்லூரி இறுதியாண்டில் பயின்றுகொண்டிருந்த அவர், நன்றாகப் படிப்பவர், நண்பர்கள் நிறைந்தவர். திடீரென்று வகுப்புக்குச் செல்வது குறைந்தது. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் உறங்கினார். நண்பர்கள் தேடி வந்தால் அறைக் கதவைத் திறப்பதில்லை. காதல் தோல்வி என்றார் ஒருவர். கெட்ட சேர்க்கை என்றார் மற்றொருவர். ஆறு மாதம் சென்றது. தாயார் வைக்கும் உணவை உண்ண மறுத்தார். "உம்மா, இதில் என்ன கலந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டபோது அந்தத் தாய் அழுதுவிட்டார். அதன்பின் வீட்டில் உள்ளவர்கள் செய்வினை என்று முடிவு கட்டினார்கள். பல இடங்களில் ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று பெண் பார்க்கவும் தொடங்கினார்கள். மருத்துவரிடம் அவர் அழைத்து வரப்பட்டபோது இரண்டரை ஆண்டுகள் கழிந்திருந்தன. மருந்து தொடங்கி ஆறு வாரங்களில், அல்ஹம்துலில்லாஹ், தாயார் பரிமாறிய உணவை அவர் அச்சமின்றி உண்டார். ஆனால் விட்டுப்போன படிப்பைப் பின்னர் தொடர அவரால் இயலவில்லை. "முதலிலேயே அழைத்து வந்திருந்தால் என் பிள்ளை பட்டம் வாங்கியிருப்பானா?" என்று அந்தத் தாய் கேட்டார். மருத்துவர்களாகிய எங்களால் அவருக்கு நேரான பதில் சொல்ல இயலவில்லை.

அந்த இரண்டரை ஆண்டுகளைக் குறைக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் நோக்கம்.

இந்நோய் எத்தகையது?

ஸ்கிசோஃப்ரினியா என்னும் இந்நோயைத் தமிழில் மனச்சிதைவு நோய் என்கிறோம். சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1908-ஆம் ஆண்டு இப்பெயரை அறிமுகப்படுத்தினார். பெயரைக் கேட்டு, ஒரே உடலில் இரண்டு மனிதர்கள் வாழ்வதாகத் திரைப்படங்களில் காட்டுவது போன்ற நோய் என்று எண்ணிவிடலாகாது. அது வேறு. இங்கே சிதைவது எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையேயுள்ள ஒழுங்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். ஏழை, பணக்காரர், படித்தவர், பாமரர், தொழுகையாளி, தொழாதவர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது. கல்லூரி, முதல் வேலை, முதல் வெளிநாட்டுப் பயணம், திருமணப் பேச்சு ஆகிய அனைத்தும் அமையும் வயது அதுவே. ஆகையால்தான் நோயைப் பயணத்தின் மீதும், படிப்பின் மீதும், யாரோ ஒருவரின் கண்ணேறு மீதும் நாம் ஏற்றிவிடுகிறோம்.

மூளையில் செய்தி கடத்தும் டோபமின் போன்ற இரசாயனங்களின் சீர்கேடு இதில் பங்கு வகிக்கிறது. பரம்பரைக்கும் பங்குண்டு. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால், சுமார் பத்தில் ஒருவருக்கு வரும் வாய்ப்பு உள்ளது. பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். தாயின் வளர்ப்பினாலோ, தந்தையின் கண்டிப்பினாலோ இந்நோய் உண்டாவதில்லை. பெற்றோர் தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

முன்கூட்டியே தென்படும் மாற்றங்கள்

இந்நோய் ஒரே நாளில் வெளிப்படுவது குறைவு. பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள், மெல்ல மெல்ல மாற்றங்கள் தென்படும். நெருங்கியவர்களிடமிருந்து விலகுதல், உறக்கம் தலைகீழாதல், குளிப்பதிலும் உடை மாற்றுவதிலும் அக்கறை இழத்தல், படிப்பிலோ தொழிலிலோ காரணமின்றிச் சரிதல், பார்ப்பவர் எல்லோர் மீதும் ஐயம் கொள்ளுதல், கண்ணாடி முன்போ தனி அறையிலோ காரணமின்றிச் சிரித்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

மார்க்கப் பற்றைப் பற்றியும் ஒரு சொல். வாலிபர் ஒருவர் திடீரெனத் தொழுகையில் ஈடுபாடு கொண்டால் அது நோயன்று. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் உறக்கமும் உணவும் இழந்து, தமக்கு மட்டும் தனியே கட்டளை வருவதாகவும், உலகைத் திருத்தும் பொறுப்பு தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும் அவர் சொல்லத் தொடங்கினால், அது பக்தியின் வளர்ச்சி ஆகாது, மருத்துவரின் கவனத்துக்குரியது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஆலிம்களால் நன்கு இயலும்.

மேற்கூறிய மாற்றங்களில் ஒன்றை மட்டும் கண்டு எவரையும் நோயாளி என்று முத்திரை குத்திவிடலாகாது. தேர்வுக் காலத்தில் உறக்கம் கெடும். துக்கத்தில் மனிதர் விலகியிருப்பார். பல மாற்றங்கள் ஒன்றாகச் சேர்ந்து, வாரக்கணக்கில் நீடித்து, அந்த மனிதர் முன்பிருந்தவராகத் தெரியவில்லை என்று வீட்டாரே உணர்ந்தால், அப்போது தாமதிக்கக் கூடாது.

நோய் வெளிப்பட்டபின் தெரியும் அறிகுறிகள்

முதலாவது, மாயக் குரல்கள். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். இருவர் தம்மைப் பற்றிப் பேசிக்கொள்வதாகவோ, தாம் செய்யும் ஒவ்வொரு செயலையும் ஒரு குரல் வருணிப்பதாகவோ, ஏசுவதாகவோ, கட்டளையிடுவதாகவோ நோயாளி கூறுவார். அவர் பொய் சொல்லவில்லை. நம் குரல் உங்கள் காதில் விழுவது போலவே அந்தக் குரல் அவருக்குக் கேட்கிறது. தனியே பேசுவதும், பாதிப் பேச்சில் காதைச் சாய்த்துக் கேட்பதும், காதில் பஞ்சு வைத்துக்கொள்வதும் இதன் அடையாளங்கள்.

இரண்டாவது, எவ்வளவு சான்று காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கைகள். தம்மைப் பின்தொடர்கிறார்கள், உணவில் விஷம் வைக்கிறார்கள், தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் தம்மைப் பற்றியே பேசுகிறார், தம் எண்ணங்களை வெளியார் திருடுகிறார்கள், தம் கை கால்களை வேறொரு சக்தி இயக்குகிறது என்றெல்லாம் உறுதியாக நம்புவார். ஊருக்கும் காலத்திற்கும் ஏற்ப இவற்றின் உடை மாறும். முன்பு செய்வினை என்று சொன்னவர்கள் இன்று கைப்பேசி வழியே கண்காணிக்கிறார்கள் என்கிறார்கள். நோய் ஒன்றே. "ஜின் என்னை ஆட்டுவிக்கிறது" என்று நோயாளியே கூறுவதும் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்ததே. ஜின் படைக்கப்பட்டிருப்பதை நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை, நம் முன்னிருக்கும் ஒரு நோயாளியை மருத்துவரிடம் காட்டாமலிருக்கக் காரணமாகிவிடக் கூடாது.

மூன்றாவது, பேச்சின் கோவை குலைதல். ஒன்றைக் கேட்டால் தொடர்பற்ற வேறொன்றைச் சொல்வார். வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. இத்துடன் காரணமற்ற நடத்தைகளும், மணிக்கணக்கில் ஒரே நிலையில் அசையாதிருத்தலும் காணப்படலாம்.

நான்காவது, நாம் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளும் அறிகுறி. முகத்தில் உணர்ச்சி மங்கும். பேச்சு ஓரிரு சொற்களாகக் குறுகும். எதிலும் நாட்டம் இராது. எழுந்து பல் துலக்குவதும் மலையைப் பெயர்ப்பது போலாகிவிடும். இவரைத்தான் நாம் சோம்பேறி என்கிறோம். கூச்சலிடும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் குடும்பங்கள், மூலையில் ஓசையின்றி அமர்ந்திருக்கும் நோயாளியைப் பல ஆண்டுகள் அப்படியே விட்டுவிடுகின்றன. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் அதிகம்; அடக்கமான பிள்ளை என்ற பெயரால் நோய் மறைந்துவிடுகிறது.

இவை அனைத்துக்கும் மேலாக, தமக்கு நோய் இருப்பதாகவே பலர் உணர்வதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் வைத்தியம் வேண்டும்" என்பது பிடிவாதம் அன்று. நோயின் ஒரு கூறு. ஆகவே தாமாக மருத்துவரைத் தேடி வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. அறிந்துகொள்ள வேண்டியவர்கள் உடனிருக்கும் நாமே.

இதைப் போன்ற பிற நோய்கள்

குரல் கேட்பவர் எல்லோருக்கும் மனச்சிதைவு நோய் என்று கொள்ளக் கூடாது. ஒரு மாதத்திற்குள் முற்றிலும் மறைந்துவிடும் குறுகியகால மனப்பிறழ்வும் உண்டு. இருதுருவ மனநோயில் அளவற்ற உற்சாகம், உறக்கமின்மை, வாரி இறைக்கும் செலவு ஆகியவற்றோடு இத்தகைய நம்பிக்கைகள் தோன்றும். கடும் மனச்சோர்விலும் தோன்றலாம். வேலை, பேச்சு, நடை எல்லாம் சரியாக இருந்து, மனைவியின் மீது ஆதாரமற்ற சந்தேகம் மட்டும் பல ஆண்டுகள் அசையாமல் நிற்பதும் ஒருவகை நோயே. அதைக் குடும்பச் சண்டை என்று எண்ணி ஜமாஅத் பஞ்சாயத்தில் மட்டுமே தீர்த்துவிட இயலாது. கஞ்சா போன்ற போதைப் பொருட்களும் இந்நிலையைத் தூண்டிவிடும்.

இரண்டு நிலைகளில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஒன்று, குழந்தை பெற்ற தாய். பேறு முடிந்த முதல் இரண்டு வாரங்களில், ஆயிரம் தாய்மார்களில் ஒருவர் அல்லது இருவருக்குக் கடும் மனப்பிறழ்வு உண்டாகிறது. உறக்கமின்றிக் குழம்பி, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசும் தாயைப் "பேறுகாலத்தில் பட்ட காற்று" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்; தாய், சேய் இருவரின் உயிரும் அதில் அடங்கியுள்ளது. முறையாகச் சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். மற்றொன்று, முதியவர். நேற்று வரை தெளிவாக இருந்த பெரியவர் திடீரெனக் குழம்பி, இல்லாதவர்களைக் கண்டு பேசினால், அது காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உடலில் உப்பின் அளவு குறைதல் போன்ற உடல் நோயின் விளைவாக இருக்கக்கூடும். உடனே பொது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அச்சப்படத் தேவையில்லாதவையும் உண்டு. கணவரை இழந்த பெண்ணுக்கு அவர் அழைப்பது போன்ற குரல் சில நாட்கள் கேட்பதும், உறக்கத்தின் விளிம்பில் பெயர் சொல்லி அழைப்பது போல் தோன்றுவதும் நோயல்ல.

சிகிச்சையும் துஆவும்

1952-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது முதல் இந்நோய்க்குப் பயனுள்ள மருந்துகள் கிடைத்து வருகின்றன. இவை தூக்க மாத்திரைகள் அல்ல, அடிமைப்படுத்துபவையும் அல்ல. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். "சரியாகிவிட்டதே" என்று நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முதற்காரணம். முதல் முறை வந்த நோய்க்கே, குணம் தெரிந்த பின்பும் ஓரிரு ஆண்டுகளாவது மருந்தைத் தொடர மருத்துவர்கள் அறிவுறுத்துவர். கை நடுக்கம், உடல் இறுக்கம், நிலைகொள்ளாமை, எடை கூடுதல், சர்க்கரை அளவு உயர்தல் போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வரும். அவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். நாமே நிறுத்திவிடக் கூடாது. நாள்தோறும் மாத்திரை உண்ண மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்திற்கோ மாதத்திற்கோ ஒருமுறை போடும் ஊசியும் உள்ளது.

நோன்பு மாதத்தில் எங்களிடம் பலர் கேட்கும் கேள்வி ஒன்று. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. நோன்பு நோற்க விரும்புபவரின் மாத்திரைகளை இஃப்தார், ஸஹர் வேளைகளுக்கு மாற்ற இயலுமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். குறிப்பாக லித்தியம் உட்கொள்பவர்களுக்கு, நீர்ச்சத்து குறைந்தால் அம்மருந்தே நஞ்சாகிவிடும். நோன்புக்காக மாத்திரையை நிறுத்திவிட்டு, பெருநாள் தினத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் உண்டு.

ஓதிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். நோயைத் தந்த இறைவன் அதற்கான நிவாரணத்தையும் தந்தே இருக்கிறான் என்று போதித்த பெருமானார் (ஸல்) அவர்கள், மருத்துவம் செய்துகொள்ளவும் ஏவினார்கள். அந்தப் போதனையின் வழிவந்த சமுதாயம், கெய்ரோவில் 1284-ஆம் ஆண்டு சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையிலும், அலெப்போவில் 1354-ஆம் ஆண்டு எழுந்த மருத்துவமனையிலும் மனநோயாளிகளுக்கு இடம் ஒதுக்கிச் சிகிச்சை அளித்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கி, உடல் நலத்தையும் மன நலத்தையும் ஒருங்கே ஆராய்ந்து நூல் எழுதினார். அத்தகைய மரபுக்குரிய நாம் பின்னாளில் எங்கு வந்து நின்றோம்?

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். குணமாகும் என்று நம்பியே குடும்பத்தார் கொண்டுவந்து விட்டிருந்தனர். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தைக் கையிலெடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் அதே ஏர்வாடியில், மருந்தும் துஆவும் இணைந்து நடைபெறும் வகையில் அரசு மனநலச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தது. இரண்டுக்கும் இடையே பகையில்லை என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வடிவிலும் தடைசெய்கிறது. வீடானாலும் காப்பகமானாலும் அது குற்றமே. மார்க்கத்தின் பார்வையில் அநீதியே.

வீட்டாரும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

நோயாளியின் தவறான நம்பிக்கையோடு வாதிடாதீர்கள், ஆமோதிக்கவும் செய்யாதீர்கள். "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, வாப்பா. ஆனால் உனக்கு எவ்வளவு அச்சமாக இருக்கும் என்று புரிகிறது. உறக்கம் வருவதற்காவது மருத்துவரைப் பார்த்து வருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். இடைவிடாத குறைகூறலும் ஏச்சும் நோயைத் திரும்பக் கொண்டுவரும். அமைதியான வீடு மருந்துக்குத் துணைபுரியும். சாக வேண்டும் என்று பேசினாலோ, தன்னையோ பிறரையோ தாக்கும்படி குரல் ஏவுவதாகச் சொன்னாலோ, உண்ணவும் பருகவும் அடியோடு மறுத்தாலோ, அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறோம். அவர் வர மறுத்தாலும், குடும்பத்தாரின் துணையோடு மருத்துவர்கள் பரிசோதித்துச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் வழியுண்டு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன; மருந்துகள் இலவசம். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம். அவசரத்திற்கு 108. நோய் நீடித்துச் செயல்பாட்டைப் பாதித்திருந்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழ் பெற்று அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

நிர்வாகக் குழுவிடம் மூன்று வேண்டுகோள்கள். ஓதிப் பார்க்க அழைத்து வரப்படுபவரிடம், எத்தனை நாளாக உறக்கமில்லை, உணவு எப்படி, தனியே பேசுகிறாரா, சாவைப் பற்றிப் பேசினாரா என்று கேட்டறிந்து, துஆ செய்தபின் மருத்துவமனைக்கும் அனுப்பி வைக்குமாறு நம் இமாம்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்துமாறு எவரும் சொல்லலாகாது. பைத்துல்மால் நிதியிலிருந்து, மாதந்தோறும் மருத்துவமனை சென்று வரும் ஏழைக் குடும்பத்தின் பயணச் செலவுக்கு, பெயரை வெளியிடாமல் உதவ வேண்டும். நிக்காஹ் பேச்சின்போது நோயை மறைக்க ஜமாஅத் துணைபோகக் கூடாது. இந்நோய் கண்டவர் மணம் புரியவே கூடாது என்பதன்று நம் கருத்து. மருந்தோடு நல்ல முறையில் இல்லறம் நடத்துபவர்கள் உண்டு. திருமணம் இந்நோய்க்கு மருந்தாகாது. மறைத்து நடத்தும் திருமணம் இரண்டு குடும்பங்களுக்கும் செய்யும் துரோகம்.

இறுதியாக ஒன்று. மதீனாவில் அறிவு சற்றுப் பேதலித்த ஒரு பெண்மணி, தமக்குப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகக் கூறினார். எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதை அவரே தேர்ந்துகொள்ளுமாறு சொல்லி, அவருடன் சென்று, அவர் சொல்லி முடிக்கும்வரை பெருமானார் (ஸல்) அவர்கள் நின்று கேட்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் தெருவிலும் அத்தகையவர்கள் நடக்கிறார்கள். சிறுவர்கள் பின்னால் கூவிக்கொண்டு ஓடுகிறார்கள். பெரியவர்களாகிய நாம் பார்த்துச் சிரிக்கிறோம். இன்று இங்கிருந்து செல்லும்போது, அவர்களில் ஒருவருடைய வீட்டாரிடம் சென்று, "மருத்துவரிடம் காட்டினீர்களா? நாம் உடன் வரட்டுமா?" என்று கேட்போமாக. இவ்வுரையின் பயன் அதுவே.

நோயுற்ற நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைப் பேணும் தாய் தந்தையருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.